ஹிப் ஹாப் புரியணுமா? ராப்ல ஆரம்பிக்காதீங்க, பிரேக்ல ஆரம்பிங்க

ஹிப் ஹாப் எங்க இருந்து கேக்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா எல்லாரும் நாலு ராப்பர் பேர சொல்லி பிளேலிஸ்ட் அனுப்பி விட்டுடுவாங்க. நான் வேற வழி சொல்றேன். ராப்புக்கு முன்னாடி டிரம்தான், அத முதல்ல காதுல ஏத்திக்கோங்க, மத்தது எல்லாம் பின்னாடியே வந்து ஒட்டிக்கும்.

இன்கிரெடிபிள் பாங்கோ பேண்ட்ங்கற குழுவோட 'அபாச்சி' பாட்ட எடுத்து ஹெட்போன் மாட்டி கேளுங்க. ஒரு கட்டத்துல மத்த வாத்தியம் எல்லாம் ஒதுங்கிக்கும், டிரம்மும் பாங்கோங்கற கையால தட்டுற சின்ன டிரம்மும் மட்டும் தனியா ஓடும். அந்த இடத்துக்குப் பேர்தான் பிரேக். எத்தன தடவ வேணா திரும்பக் கேளுங்க, கண்ண மூடிட்டே இங்க ஆரம்பிக்குது இங்க முடியுதுன்னு விரல் தட்டி காட்டுற வரைக்கும் அடுத்ததுக்கு போகாதீங்க.

இந்த பிரேக்ல இருந்து ஹிப் ஹாப் வந்த கதை இது. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்க்ஸ்ல 1520 செட்ஜ்விக் அவென்யூ. ஸ்கூல் திறக்கறதுக்குள்ள புது டிரஸ் வாங்க காசு வேணும்னு சிண்டி கேம்பல்ங்கற பொண்ணு அந்த பில்டிங் கீழ் ரூம்ல பார்ட்டி வைக்குது, பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட், பாட்டு போடுறது அண்ணன் கிளைவ், அவர்தான் டிஜே கூல் ஹெர்க், ஜமைக்கா கிங்ஸ்டன்ல பொறந்து சின்ன வயசுலயே பிராங்க்ஸ் வந்தவர். ஆடுறவங்க எல்லாம் அந்த பிரேக் வரைக்கும் காத்திருந்து அப்பதான் இறங்கி ஆடுறாங்கன்னு கவனிச்சார், ஆனா பிரேக் சில செகண்ட்லயே முடிஞ்சிடும். அதனால ஒரே ரெக்கார்ட ரெண்டு காப்பி, ரெக்கார்ட சுத்த விடுற டர்ன்டேபிள் ரெண்டு. ஒண்ணுல பிரேக் முடியறப்ப இன்னொண்ணுல ஆரம்பம், அது ஓடுறதுக்குள்ள முதல்ல இருக்கறத திருப்பி பிரேக் தொடக்கத்துக்கு கொண்டு வந்துடணும். ராட்டினம் மாதிரி சுத்துறதால மெர்ரி கோ ரவுண்ட்னு பேர் வெச்சார்.

இத நீங்க வீட்லயே பண்ணிப் பாக்கலாம், போன்ல ஏதாவது டிஜே ஆப் போதும். ஆப்ல டர்ன்டேபிள் மாதிரி ரெண்டு டெக் இருக்கும், ரெண்டுலயும் அதே பாட்டு, பிரேக் ஆரம்பிக்கிற இடத்துல கியூ, அதாவது அடையாளம் வைங்க, 1 2 3 4ன்னு வாயால எண்ணுங்க, நாலு தடவ எண்ணி முடிச்சதும் அடுத்த டெக். ரெண்டு டெக்கோட தாளத்தையும் தானா சேத்து வைக்கிற சிங்க் பட்டன தயவுசெஞ்சு தொடாதீங்க, காது வளரணும்னா வழுக்கி விழத்தான் வேணும். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ்ங்கற பிராங்க்ஸ் டிஜே ரெக்கார்ட் மேலயே கிரேயான்ல கோடு போட்டு வெச்சு எத்தன சுத்து பின்னாடி திருப்பணும்னு எண்ணினார். ரெக்கார்ட்ல கை வைக்கிறதே தப்புன்னு நெனச்ச காலம் அது. ஸ்கிராட்ச் கண்டுபிடிச்ச கிராண்ட் விசார்ட் தியோடர், அம்மா சத்தத்த குறைன்னு திட்ட வந்தப்ப ரெக்கார்ட கையால பிடிச்சு முன்ன பின்ன அசைச்சதுல வந்த சத்தம்தான் அதுன்னு சொல்லியிருக்கார்.

பிரேக்ல இறங்கி ஆடுறவங்களுக்கு பேர் பி பாய், அதுல இருக்க பி வந்து இந்த பிரேக்தான். மணிக்கட்ட நல்லா வார்ம் அப் பண்ணிட்டு முதல்ல நின்னு ஆடுற டாப்ராக், அப்புறம் தரையில கை ஊனி கால சுத்தி வைக்கிற சிக்ஸ் ஸ்டெப், கடைசியா அசையாம அப்படியே நிக்கிற ஒரு ஃபிரீஸ், இவ்ளோதான் ஆரம்பம். தலைகீழா சுத்துறதெல்லாம் ரொம்ப பின்னாடி.

எம்சி, அதாவது மைக்ல பேசுறவர் வேலையும் பெருசா ஆரம்பிக்கல, ஹெர்க் பார்ட்டில கோக் லா ராக்ங்கறவர் மைக்க பிடிச்சு நண்பர்கள் பேர சொல்லி கத்தினதுதான் தொடக்கம். எழுதிப் பாக்கணும்னா நாலு வரி போதும், ரைம் ஒவ்வொரு வரிலயும் நாலாவது பீட்ல விழணும். தமிழ்ல எழுதறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், நமக்கு வினைச்சொல் கடைசில வர்றதால வந்தேன் போனேன்னு ரைம் சும்மாவே கிடைச்சிடும், அத நம்பி உக்காந்தீங்கன்னா வரி சப்புன்னு இருக்கும். எதுகைய வரி நடுவுல போட்டுப் பாருங்க.

1979ல 'ராப்பர்ஸ் டிலைட்'ங்கற ராப் பாட்டு ரெக்கார்டா வந்து ஹிட் ஆச்சு, அதுல பின்னாடி வாசிச்சது பேண்ட், டிஜே வேலை வெளியவே தெரியல. ஹிப் ஹாப்னா ராப்னு வெளி உலகம் நெனச்சது அங்க இருந்துதான்.

செவுத்துல பேர் எழுதுற கிராஃபிட்டி இந்த பார்ட்டிக்கும் முந்தினது, 1971லயே டாக்கி 183ன்னு ஊரெல்லாம் எழுதி வெச்ச பையன பத்தி நியூயார்க் டைம்ஸ்ல வந்துடுச்சு. செவுத்துக்கு போகாம நோட்டுல உங்க பேர ஒரு நூறு தடவ எழுதிப் பழகுங்க.

டிஜே, பி பாய், எம்சி, கிராஃபிட்டி, இந்த நாலும்தான் ஹிப் ஹாப்போட தூண்கள், அஞ்சாவதா ஒண்ணு சொல்வாங்க, அறிவு. எனக்கு இதுதான் முக்கியம். பிராங்க்ஸ்னா, கிராஸ் பிராங்க்ஸ் எக்ஸ்பிரஸ்வேங்கற பெரிய ரோட்டுக்காக வீடுகள இடிச்சு ஆயிரக்கணக்கான குடும்பங்கள காலி பண்ண வெச்ச ஊரு, பில்டிங் பில்டிங்கா எரிஞ்ச ஊரு, அங்க பசங்க பார்க்குல தெருவிளக்கு கம்பத்துல இருந்து கரண்ட் எடுத்து பார்ட்டி வெச்சாங்க. அத தெரிஞ்சுகிட்டு கேட்டா அந்த டிரம் சத்தமே வேற மாதிரி கேக்கும். உங்களுக்கு பிடிச்ச ராப் பாட்டுல ஓடுற டிரம் எந்த பழைய ரெக்கார்ட்ல இருந்து வந்துச்சுன்னு தேடி, வாசிச்சவர் பேர ஒரு நோட்டுல எழுதிட்டே வாங்க. முதல் பேர் நான் தர்றேன், கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட், பாடகர் ஜேம்ஸ் பிரவுனோட 'ஃபங்கி டிரம்மர்' பாட்டுல வாசிச்சவர், எத்தனையோ ராப் பாட்டு அவர் அடிச்ச பிரேக் மேலதான் நிக்குது, பாட்டு எழுதினவர்னு அவர் பேர் இல்லாததால அந்த சாம்பிள், அதாவது பழைய ரெக்கார்ட்ல இருந்து வெட்டி எடுத்த துண்டுக்கான காசு அவருக்கு வரல.