மெயின் எஞ்சின்ல ஒரு யூனிட்ட (ஒரு சிலிண்டர் செட்ட) பிரிச்சு மாட்டுறது எப்படி? புதுசா கப்பல் ஏறுற ஃபைவர்களுக்கு (ஜூனியர் இன்ஜினியர்களுக்கு)

முதல் கப்பல்ல மெயின் எஞ்சின் பிஸ்டன தூக்குற நாள்னா எல்லாருக்கும் ஒரு குஷிதான், கேலில (கப்பல் சமையல்கட்டுல) இருக்குற ஆளு வரைக்கும் வேடிக்கை பாக்க இறங்கி வருவாரு. ஆனா கிரேன்ல தூக்குறது இதுல ரொம்ப சின்ன விஷயம். தூக்குறதுக்கு முன்னாடி எதையெல்லாம் மூடுறோம், தூக்கினப்புறம் எதையெல்லாம் அளக்குறோம், வேலையே இந்த ரெண்டுலதான் இருக்கு, எம்இஓ கிளாஸ் 4 (கப்பல் இன்ஜினியர் லைசென்ஸ்) ஓரல் பரீட்சையிலயும் இங்கதான் நோண்டுவாங்க.

உதாரணத்துக்கு மேன் பி அண்ட் டபிள்யூ 6எஸ்60எம்சி-சி எஞ்சின எடுத்துக்குவோம். 6 சிலிண்டர், போர் 600 மில்லி, ஸ்ட்ரோக் 2400 மில்லி, ஃபுல் ஸ்பீடே நிமிஷத்துக்கு 105 சுத்துதான். டூ ஸ்ட்ரோக் கிராஸ்ஹெட் எஞ்சின், அதாவது பிஸ்டன் நேரா கனெக்டிங் ராடுல மாட்டியிருக்காது, பிஸ்டன் ராடு ஸ்டஃபிங் பாக்ஸ் (ராடு வழியா ஆயிலும் அழுக்கும் போகாம தடுக்குற சீல்) வழியா கீழ இறங்கி கிராஸ்ஹெட்ல (ராடையும் கனெக்டிங் ராடையும் இணைக்கிற கட்டை) உக்காந்திருக்கும். இது மனசுல பதிஞ்சுட்டா மீதி வரிசை தானா புரியும்.

பிரிக்கணுமான்னு முதல்ல பாருங்க

ரன்னிங் ஹவர்ஸ் முடிஞ்சுதுன்னு மட்டும் பிரிக்க மாட்டாங்க. ஸ்கேவஞ் (சிலிண்டருக்குள்ள புதுக்காத்து போற இடம்) பக்கம் கதவ திறந்து, டர்னிங் கியர்ல (எஞ்சின மெதுவா சுத்துற மோட்டார்) மெதுவா சுத்தி, லைனர்ல இருக்குற காத்து ஓட்டை (போர்ட்) வழியா ஒவ்வொரு ரிங்கையும் பாக்கணும். ரிங் உடைஞ்சிருக்கா, குரூவ்ல ஒட்டிக்கிச்சா, ஒரு மரக்குச்சியால அமுக்கினா ஸ்பிரிங் மாதிரி திரும்பி வருதா, லைனர்ல (பிஸ்டன் ஏறி இறங்குற உருளை) கோடு விழுந்திருக்கான்னு பாத்துட்டுதான் செகண்ட் இன்ஜினியரும் சீஃப் இன்ஜினியரும் முடிவு பண்ணுவாங்க.

மூடுற வேலை

துறைமுகத்துலயோ ஆங்கரேஜ்லயோ எஞ்சின பிரிக்கணும்னா போர்ட்காரங்க கிட்ட இம்மொபிலைசேஷன் பர்மிஷன் (எஞ்சின ஓட்ட முடியாம வைக்க அனுமதி) வாங்கணும், அது கேப்டன் பாத்துக்குவாரு, ஆனா கைக்கு வராம ஸ்பேனர தொடாதீங்க. அப்புறம் ரிஸ்க் அசெஸ்மென்ட், வொர்க் பர்மிட். ஸ்டார்ட்டிங் ஏர் (எஞ்சின ஸ்டார்ட் பண்ற அழுத்தக் காத்து) வால்வ மூடி, லைன்ல இருக்குற காத்த வெளிய விட்டு, மெயின் ஸ்டார்ட்டிங் வால்வ லாக் பண்ணி, போர்டு தொங்கவிட்டு, இண்டிகேட்டர் காக் (சிலிண்டர்லருந்து வெளிய திறக்குற சின்ன வால்வு) எல்லாத்தையும் திறந்து, டர்னிங் கியர எங்கேஜ் பண்ணணும். ஃபியூவலும் கண்ட்ரோல் ஏரும் கட். ஜாக்கெட் வாட்டர் (சிலிண்டர சுத்தி ஓடுற கூலிங் தண்ணி) அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் மூடி டிரெயின் பண்ணினா போதும், மத்த யூனிட் சூடா இருக்குறது நல்லதுதான்.

எஞ்சின் நின்ன உடனே லூப் ஆயில் பம்ப நிறுத்தாதீங்க, பிஸ்டன் ஆறட்டும். கிராங்க்கேஸ் (கிராங்க் ஷாஃப்ட் சுத்துற அடிக்கூடு) கதவ குறைஞ்சது அரை மணி நேரம் கழிச்சுதான் திறக்கணும். உள்ள எங்கயாவது சூடான இடம் இருந்து ஆயில் மிஸ்ட் இருக்கும்போது நீங்க கதவ திறந்து புதுக்காத்த விட்டீங்கன்னா அது வெடிக்கும். 1947ல ரெய்னா டெல் பசிபிகோ கப்பல்ல சோதனை ஓட்டத்தப்ப கிராங்க்கேஸ் வெடிச்சு 28 பேர் செத்தாங்க, அதுக்கப்புறம்தான் உலகமே கிராங்க்கேஸ் ரிலீஃப் வால்வ (உள்ள பிரஷர் ஏறினா திறந்து விடுற வால்வு) சீரியஸா எடுத்துக்கிச்சு. பம்ப நிறுத்தி உள்ள இறங்குறதுக்கு முன்னாடி காத்தோட்டம் விட்டு, ஆக்சிஜன் 20.9 காட்டுதான்னு மீட்டர்ல பாத்துட்டு, என்குளோஸ்டு ஸ்பேஸ் பர்மிட்டோட இறங்குங்க.

டர்னிங் கியர் ரிமோட் ஒரே ஆள் கையில இருக்கணும். சுத்துறதுக்கு முன்னாடி உள்ள இருக்குறவன் வெளிய வந்து முகத்த காட்டணும், "ஆங் சுத்து"ன்னு உள்ளருந்து குரல் மட்டும் வந்தா சுத்தக்கூடாது.

கவர், அப்புறம் பிஸ்டன்

ஹை பிரஷர் ஃபியூவல் பைப், எக்ஸாஸ்ட் வால்வோட ஹைட்ராலிக் பைப், ஏர் ஸ்பிரிங் பைப், ஸ்டார்ட்டிங் ஏர் பைப் எல்லாம் கழட்டி வாய உடனே மூடிடுங்க, துணிய திணிக்காதீங்க, பிளாஸ்டிக் கேப்போ பிளாஞ்சோ போடுங்க. கவர் நட்டுக்கு ஹைட்ராலிக் ஜாக். எல்லா ஜாக்கையும் ஒரே லைன்ல இணைச்சு, காத்த வெளியேத்தி, ஜாக்க முழுசா இறுக்கிட்டு மேனுவல் சொல்ற அளவு திருப்பி லூஸ் பண்ணணும். இத விட்டுட்டா, பிரஷர இறக்கும்போது நீண்டிருந்த ஸ்டட் சுருங்கி ஜாக்க கவ்விக்கும், அப்புறம் திரும்பவும் ஏத்தினாதான் கழட்ட முடியும். பிரஷர் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், சிலதுல 900 பார், சிலதுல 1500, எதுவா இருந்தாலும் பெரிய பிரஷர்தான், அதனால ஜாக்குக்கு நேர் மேல தலைய நீட்டாதீங்க.

கவர் போனதும் பிஸ்டன கீழ இறக்கி, லைனர் மேல்பக்கம் ஒட்டியிருக்குற கார்பன முழுசா சுரண்டி, பிஸ்டன் கிளீனிங் ரிங்கையும் (பிஸ்டன் மேல ஒட்டுற கார்பன சுரண்ட லைனர் மேல்பக்கம் இருக்குற வளையம்) கழட்டணும். இத பண்ணாம தூக்கினா ரிங் மாட்டிக்கிட்டு கிரேன் லைனரையே இழுக்கப் பாக்கும். அப்புறம் கிராங்க்கேஸ்ல ராடு அடியில இருக்குற நட்டு, ஸ்டஃபிங் பாக்ஸ் போல்ட்டுகள கழட்டிட்டு, பிஸ்டன மேல கொண்டுவந்து, லிஃப்டிங் டூல் மாட்டி தூக்குங்க, ஸ்டஃபிங் பாக்ஸ் ராடோடவே மேல வரும். ராடுக்கும் கிராஸ்ஹெட்டுக்கும் நடுவுல இருக்குற ஷிம் (உயரத்த சரிபண்ற தகடு) அந்த யூனிட்டுக்குன்னே உள்ளது, கம்ப்ரஷன நிர்ணயிக்கிறதே அதுதான், யூனிட் நம்பர் எழுதி தனியா வைங்க. பிஸ்டன் போன உடனே கீழ ஸ்டஃபிங் பாக்ஸ் ஓட்டைக்கு மூடி போடுங்க, இல்லன்னா சுரண்டுற கார்பன் எல்லாம் கிராங்க்கேஸ்லதான் போய் விழும்.

அளக்குறது

இங்க யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க, ஆனா எனக்கு புடிச்ச இடம் இதுதான். லைனர கழுவி, ஓட்டை போட்ட டெம்ப்ளேட் பட்டிய தொங்கவிட்டு, போன தடவை அளந்த அதே உயரத்துல முன்-பின், போர்ட்-ஸ்டார்போர்ட் (கப்பலோட இடது-வலது) ரெண்டு பக்கமும் இன்சைட் மைக்ரோமீட்டர் வெச்சு அளக்கணும். 40,000 மணி நேரம் ஓடின லைனர் மேல்பக்கம் 603.00 காட்டுதுன்னா தேய்மானம் 3 மில்லி, ஆயிரம் மணி நேரத்துக்கு 0.075, இது பரவாயில்ல, 0.1 தாண்டினா யோசிக்கணும்.

சரி, லைனர் 50 டிகிரி சூட்டுல இருக்கு, மைக்ரோமீட்டர ஏசி ஓடுற கண்ட்ரோல் ரூம்லருந்து 25 டிகிரில எடுத்துட்டு வந்து வெச்சா என்ன ஆகும்? 600 மில்லி இரும்பு 25 டிகிரிக்கு கிட்டத்தட்ட 0.17 மில்லி நீளும், அதாவது மேல சொன்ன கணக்குல ரெண்டாயிரம் மணி நேர தேய்மானம் சும்மா எழுதுற மாதிரி. அதனால மைக்ரோமீட்டர லைனருக்குள்ளயே கொஞ்ச நேரம் போட்டு வெச்சு ரெண்டும் ஒரே சூட்டுக்கு வந்தப்புறம் அளங்க.

பிஸ்டன்ல கிரவுன் (மேல்தலை) எவ்வளவு எரிஞ்சிருக்குன்னு டெம்ப்ளேட் வெச்சு பாக்கணும், ரிங் குரூவ் தேய்மானம் பாக்கணும், கூலிங் பக்கம் பிரஷர் டெஸ்ட் போட்டு ஓ-ரிங் லீக் இருக்கான்னு பாக்கணும். ஸ்டஃபிங் பாக்ஸ்ல ஸ்கிரேப்பர் ரிங், சீலிங் ரிங் துண்டு துண்டா வரும், ஒவ்வொரு துண்டும் எந்த ரிங்கோடதுன்னு அடையாளம் வெச்சுக்குங்க. புது பிஸ்டன் ரிங்க எக்ஸ்பேண்டர்லதான் விரிக்கணும், கையால இழுத்தா வளைஞ்சிடும். "டாப்"னு எழுதியிருக்குற பக்கம் மேல, ரிங்கோட வாய்கள் (வெட்டு இருக்குற இடைவெளி) ஒண்ணுக்கொண்ணு தள்ளி இருக்கணும்.

திரும்ப மாட்டுறது

பிரிச்சதுக்கு தலைகீழ்தான், ரொம்ப சொல்ல வேண்டியதில்ல. ஆனா பிஸ்டன இறக்குறதுக்கு முன்னாடி லூப்ரிகேட்டர (லைனருக்கு சிலிண்டர் ஆயில் தள்ளுற பம்ப்) கையால இயக்கி, லைனர்ல ஒவ்வொரு ஓட்டையிலயும் சிலிண்டர் ஆயில் சொட்டுதான்னு கண்ணால பாருங்க, ஒண்ணு அடைச்சிருந்தா புது ரிங் கொஞ்ச நாள்லயே போயிடும். கவருக்கு புது சீலிங் ரிங்.

டூல எண்ணிப் பாத்துட்டு, கிராங்க்கேஸ் கதவு திறந்திருக்கும்போதே லூப் ஆயில் பம்ப ஓட்டி லீக் இல்லையான்னும், அந்த யூனிட் பிஸ்டன் ஆயில் திரும்பி வருதான்னும் பாத்துட்டு, ஆளெல்லாம் வெளிய வந்தப்புறம் டர்னிங் கியர்ல ஒரு முழு சுத்து விடுங்க, ஆம்பியர் மீட்டர் முள்ளு எங்கயாவது ஏறுதான்னு ஒருத்தர் பாக்கணும். ஜாக்கெட் வாட்டர் விட்டு லீக் பாருங்க. அப்புறம் கதவ மூடி, டர்னிங் கியர கழட்டி, இண்டிகேட்டர் காக் திறந்தபடியே ஏர் ப்ளோ (ஸ்டார்ட்டிங் ஏர்ல ஒரு தடவை சுத்தி விடுறது), காக்க மூடி ஸ்டார்ட். கொஞ்ச நேரம் மெதுவா ஓட்டி நிறுத்தி, முன்னாடி மாதிரியே அரை மணி காத்திருந்து, உள்ள பேரிங் கையில சுடுதான்னு தொட்டுப் பாக்கணும். புது ரிங் செட் ஆகுற வரைக்கும் லோட படிப்படியா ஏத்துங்க, அந்த யூனிட்டுக்கு சிலிண்டர் ஆயில கூட்டி விடுங்க, அடுத்த போர்ட்ல ஸ்கேவஞ் கதவ திறந்து அந்த ரிங்க திரும்ப ஒரு தடவை பாருங்க.