வெளியூர் ஆளுக்கு கார் விற்கிறீர்களா? பணத்தை இப்படி வாங்குங்கள்

புதுச்சேரியிலோ கடலூரிலோ பழைய காரை ஆன்லைனில் விற்பனைக்குப் போட்டால் சூட்டோடு சூடாக போன் வரும். "வண்டி எனக்குப் புடிச்சிருக்கு சார், அட்வான்ஸ் போட்டு விடறேன், விளம்பரத்த எடுத்துடுங்க." வண்டியைப் பார்க்கவில்லை, ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. அப்படி ஒரு ஆள் கார் வாங்கி நான் கேள்விப்பட்டதில்லை.

படி 1: பேச்சை வைத்தே எடை போடுங்கள்

உங்களுடையது பிஒய் 01, அதாவது புதுச்சேரிப் பதிவெண் வண்டி, வாங்குகிறவர் ஓசூர்க்காரர் என்று வைத்துக்கொள்வோம். நிஜமாக வாங்குகிறவர் முதலில் என்ஓசி (வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று) பற்றிக் கேட்பார். தமிழ்நாட்டுக்கு மாற்றினால் அங்கே சாலை வரி கட்ட வேண்டுமே, அதை விலையில் கழிப்பீர்களா என்று இழுப்பார். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அது நல்ல அறிகுறி. மோசடிக்காரருக்கு இந்தக் கவலையே கிடையாது.

ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று), ஆதார் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அதையே காட்டி இன்னொருவரிடம் "என் வண்டி" என்று விற்பார்கள். வண்டி எண் போதும்; எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் அவரே பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: அட்வான்ஸ்

"நான் ஆர்மியில இருக்கேன், எங்க கணக்குல இருந்து பணம் வர வேற மாதிரி" என்று ஒருவர் சீருடைப் படத்தோடு அடையாள அட்டையும் அனுப்புவார். பிறகு ஒரு க்யூஆர் கோடு வரும். "அஞ்சு ரூபாய்க்கு ஸ்கேன் பண்ணிப் பாருங்க, பத்தா திரும்பி வரும்." வரவும் செய்யும். அடுத்த கோடு இருபதாயிரத்துக்கு. அது திரும்பாது.

யுபிஐயில் பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்றுதான் பொருள். கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி இரண்டையும் கொடுங்கள், வேறு எதுவும் வேண்டாம். ஏதாவது ஆப்பையோ ஏபிகே ஃபைலையோ (ஆப்பை நேரடியாக ஏற்றும் ஃபைல்) போனில் ஏற்றச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

இன்னொரு வகை: 2,500 போடுவதற்குப் பதில் 25,000 போட்டுவிட்டேன், மீதியைத் திருப்பிவிடுங்கள் என்று பதறுவார். அதற்கேற்ப எஸ்எம்எஸ்ஸும் வந்திருக்கும். அதை அனுப்பியது வங்கியல்ல, அவரேதான். ஸ்கிரீன்ஷாட்டும் அப்படித்தான். வங்கி ஆப்பைத் திறந்து இருப்புத் தொகையை நீங்களே பாருங்கள்.

பணம் போய்விட்டதா? யோசிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

படி 3: முழுத் தொகை

யுபிஐயில் தனி ஆளுக்கு ஒரு நாளைக்கு பொதுவாக ஒரு லட்சம்தான் அனுப்ப முடியும். 2 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு உடனே போகும் ஆர்டிஜிஎஸ் நல்லது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்யும். என்இஎஃப்டி தொகுதி தொகுதியாகப் போவதால் கொஞ்சம் தாமதமாகும். "யுடிஆர் நம்பர் குடுத்துட்டேனே, சாவியக் குடுங்க" என்று பணப் பரிமாற்ற எண்ணைக் காட்டினால், பணம் ஏறும்வரை சரி, ஒரு டீ சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று சொல்லுங்கள். காசோலை பாஸாகிப் பணம் ஏறும்வரை வண்டி நகரக்கூடாது. டிடி என்றால் அதைக் கொடுத்த வங்கியில் நேரில் விசாரியுங்கள். அவர் தரும் போன் எண்ணில் அல்ல. ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்காதீர்கள், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித் துறை அபராதம் போடலாம்.

படி 4: யார் கணக்கிலிருந்து வருகிறது?

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். பணம் நிஜமாகவே வந்துவிடும். ஆனால் அது வேறு எங்கோ ஒருவரிடம் ஏமாற்றிப் பிடுங்கிய பணம். அவர் புகார் கொடுத்ததும் போலீஸ் தடம் பிடித்துக்கொண்டு வந்து உங்கள் கணக்கை முடக்கும். அதை விடுவிக்க வேறு மாநிலப் போலீசோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அதனால் ஆர்சி யார் பெயருக்கு மாறப்போகிறதோ அவர் கணக்கிலிருந்துதான் பணம் வர வேண்டும். "மச்சான் போடுவார்" என்றால் மச்சான் பெயரிலேயே வண்டியை வாங்கிக்கொள்ளட்டும்.

இடைத்தரகர் விளையாட்டும் இருக்கிறது. உங்கள் விளம்பரத்தை அப்படியே எடுத்து, குறைந்த விலைக்கு வேறொருவருக்குக் காட்டுவார். "என் தம்பி வண்டி பாக்க வருவான், அவன்கிட்ட விலை மட்டும் பேசாதீங்க" என்று உங்களிடம் சொல்வார். வருகிற அப்பாவியிடமும் இதே பாட்டு. பணம் தரகருக்குப் போகும். உங்கள் வாசலில் நீங்களும் அந்த அப்பாவியும் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். வந்தவரிடம் முதல் வேலையாக, "எவ்வளவுக்குப் பேசியிருக்கீங்க, யாருக்குப் பணம் போடறீங்க?" என்று கேளுங்கள்.

படி 5: சாவியும் கையெழுத்தும்

உங்கள் வங்கிக் கிளையின் வாசலில் வண்டியைக் கைமாற்றினால் இருவருக்கும் நிம்மதி. பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30ல் கையெழுத்துப் போடுங்கள், வெற்றுப் படிவத்தில் வேண்டாம். வேறு மாநிலத்துக்குப் போகிற வண்டி என்றால் என்ஓசிக்குப் படிவம் 28. தேதியும் நேரமும் எழுதி டெலிவரி ரசீது வாங்குங்கள். ஆர்சியில் பெயர் மாறாதவரை விபத்து இழப்பீடு உங்கள் தலையில் விழும். 2018ல் உச்ச நீதிமன்றமே அப்படித்தான் சொல்லியிருக்கிறது. அதனால் பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கிளம்புவதற்கு முன் ஃபாஸ்டேக்கைக் கிழித்து, அதன் கணக்கையும் மூடுங்கள். வாங்கியவர் சென்னைப் பக்கம் போகிறவர் என்றால், புதுச்சேரியைத் தாண்டியதும் வரும் மொரட்டாண்டி டோலிலேயே உங்கள் காசு கழிய ஆரம்பித்துவிடும்.