பழைய பைக் பார்க்கப் போகிறீர்களா? முந்தின நாள் புதியது ஒன்றை ஓட்டிவிட்டுப் போங்கள்

முதன்முதலில் பழைய பைக் வாங்கப் போனபோது என்ஜின் சத்தத்தை அரை மணி நேரம் நின்று கேட்டேன். டேங்கின் பெயிண்டைத் தடவிப் பார்த்தேன். மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று இரண்டு முறை படித்தேன். வாங்கிய மூன்றாம் நாள் நெரிசலில் ஊர்ந்து போகும்போதுதான் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வண்டி இடமும் வலமுமாக லேசாக அலைந்துகொண்டே இருந்தது. டயரில் காற்றைப் பார்த்தேன், சக்கரம் நெளியாமல் சுழல்கிறதா என்று பார்த்தேன், இரண்டிலும் குறையில்லை. கோளாறு ஹேண்டில்பாரின் கழுத்தில் இருந்தது. பத்து விநாடிச் சோதனையில் பிடிபட்டிருக்க வேண்டிய பழுது அது. அந்தச் சோதனை எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் என்னுடன் வரவில்லை.

அதன்பின் எனக்காகவும் நண்பர்களுக்காகவும் நிறைய வண்டிகளைப் பார்த்துவிட்டேன். இப்போது நான் பின்பற்றும் வரிசை இது. கியர் போட்டு ஓட்டத் தெரியும், செயின் எது, கிளட்ச் எது என்று தெரியும் என்ற அளவில் தொடங்குகிறேன்.

முந்தின நாள்: ஒரு புதிய வண்டி

இதைப் பலர் தேவையில்லாத வேலை என்பார்கள். எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. பழைய வண்டி ஒன்றில் ஏறி உட்கார்ந்து ‘கிளட்ச் சரியாக இருக்கிறதா’ என்று கேட்டால் புதியவருக்கு எப்படித் தெரியும்? சரியான கிளட்ச் எப்படி இருக்கும் என்ற நினைவு கையில் இருக்க வேண்டும். ஆகவே நீங்கள் வாங்க நினைக்கும் அதே வகையில், ஏறத்தாழ அதே சி.சி.யில், ஒரு புதிய வண்டியை விற்பனை நிலையத்தில் கேட்டு ஓட்டிப் பாருங்கள். பிரேக் பிடி எவ்வளவு தூரம் உள்ளே போனதும் பிடிக்கிறது, இரண்டாம் கியர் விழும்போது காலில் என்ன உணர்வு, நடை வேகத்தில் ஹேண்டில்பார் எவ்வளவு லேசாகத் திரும்புகிறது, இந்த மூன்றையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மறுநாள் இவைதான் உங்கள் அளவுகோல்.

அப்படியே அந்தப் புதிய வண்டியையும் மதிப்பிட்டுவிடலாம். ஒருவேளை அதையே வாங்கவும் நேரலாம். தொடக்கநிலை வண்டிகளைப் பற்றிப் படிக்கும்போது எல்லோருடைய கண்ணும் குதிரைத்திறனில் போய் நிற்கிறது. முதல் ஓராண்டில் உங்களைக் களைப்படையச் செய்பவை எடை, இருக்கை உயரம், குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரின் பதவிசு ஆகிய மூன்றும்தான் என்பது என் உறுதியான கருத்து. கவாசாகி நிஞ்சா 400 வண்டி 399 சி.சி., எடை 168 கிலோ, இருக்கை 785 மி.மீ. உயரம். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டி 349 சி.சி., எடை 195 கிலோ, இருக்கை 805 மி.மீ. ஹோண்டா ரெபெல் 300 வண்டியின் இருக்கை 690 மி.மீ.தான், உயரம் குறைந்தவர்கள் இரு பாதங்களையும் முழுமையாக ஊன்ற முடியும். காகிதத்தில் முதல் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வண்டிகள். ஆனால் கிளாசிக் தன் 20 குதிரைத்திறனை என்ஜின் நிமிடத்துக்கு 6,100 சுழற்சியில் ஓடும்போதே தந்துவிடுகிறது; நிஞ்சா அதைப்போல் இரு மடங்குக்கு மேல் தரும், அதற்கு 10,000 சுழற்சி வரை முறுக்க வேண்டும். நெரிசலில் ஊர்கிறவருக்கு முன்னது எளிது, நெடுஞ்சாலையில் போகிறவருக்குப் பின்னது எளிது.

எடையைப் பற்றி ஒன்று. சில விளம்பரங்களில் ‘உலர் எடை’ போடுவார்கள். பெட்ரோல், ஆயில், சில சமயம் பேட்டரிகூட இல்லாத எடை அது. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ என்று வைத்துக்கொண்டால் 14 லிட்டர் டேங்க் மட்டுமே பத்து கிலோவுக்கு மேல் சேர்க்கும். ஓட்டத் தயாரான நிலையில் எவ்வளவு எடை என்று கேட்டு, அதை மட்டும் ஒப்பிடுங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை

பேனா அளவு டார்ச், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், பழைய வெள்ளைத் துணி. கைபேசி விளக்கு வேண்டாம். அதன் வெளிச்சம் பரந்து விழுவதால் டேங்கின் உள்ளே துரு இருப்பது தெரியாது. மல்டிமீட்டர் மிக எளியதே போதும், முனையில் முதலைக் கிளிப் இருந்தால் கை இரண்டும் ஓய்வாக இருக்கும். கைபேசியோடு இணைத்து என்ஜினின் கோளாறு எண்களைப் படிக்கும் கருவிகளைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அந்த எண்களைப் புரிந்துகொள்ள வேறு படிப்பு வேண்டும்.

படி 1: குளிர்ந்த என்ஜின்

‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்’ என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் புறங்கையை என்ஜின் மேல் மெல்ல அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கக்கூடும். பகல் வெளிச்சத்தில் மட்டும் பாருங்கள்.

படி 2: விழுந்த வண்டியா?

பெயிண்டைப் பார்க்காதீர்கள், முனைகளைப் பாருங்கள். வண்டி விழும்போது முதலில் தரையில் படுபவை கிளட்ச், பிரேக் பிடிகளின் நுனி, ஹேண்டில்பாரின் இரு ஓரங்கள், கால்வைப்பின் நுனி, என்ஜினின் பக்க மூடி. நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்த தழும்பு பெரிய குற்றமில்லை. கவலை தர வேண்டியது வேறு: ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பும்போது ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) போய் இடிக்கும் சிறு இரும்புத் தடுப்பு ஃபிரேமில் இருக்கும். அது வளைந்தோ, ஒடிந்து மறுபடி வெல்டிங் செய்யப்பட்டோ இருந்தால் அந்த வண்டி பலமாக மோதியிருக்கிறது. அங்கேயே நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். ஃபிரேம் வளைந்த வண்டிக்கு எந்த விலையும் குறைவில்லை.

படி 3: ஹேண்டில்பாரின் கழுத்து

என்னைச் சிக்க வைத்த இடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஹேண்டில்பாரும் ஃபோர்க்கும் ஃபிரேமோடு சேரும் கழுத்தில் மேலும் கீழுமாக இரண்டு பேரிங்குகள் உள்ளன. பணிமனைகளில் கோன் செட் என்பார்கள். சக்கரத்தின் பேரிங் முழு வட்டமாகச் சுழல்கிறது, அதனால் எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்கிறது. கழுத்துப் பேரிங்குக்கு அந்த வாய்ப்பு கிடையாது. வண்டி பெரும்பாலான நேரம் நேராகவே போகிறது. எனவே ஒவ்வொரு குழியின் அடியும் அதே குண்டுகள் வழியாக அதே இடத்தில் விழுகிறது. காலப்போக்கில் அந்த இடங்களில் சிறு பள்ளங்கள் உண்டாகின்றன. பிறகு ஹேண்டில்பார் நேராக வரும்போதெல்லாம் குண்டுகள் அந்தப் பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நேராகப் போவதாக நாம் நினைக்கும்போதுகூட ஹேண்டில்பார் நொடிக்கு நொடி மிக நுட்பமாகத் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. வண்டி சாயாமல் இருப்பதே அதனால்தான். அந்த நுட்பமான அசைவைப் பள்ளம் தடுத்துவிடுகிறது. தடை மீறித் திரும்பும்போது தேவைக்கு மேல் திரும்பிவிடுகிறது. மெதுவாகப் போகும்போது வண்டி அலைவதன் காரணம் இதுதான்.

சோதனை: வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவரைப் பின் இருக்கையை அழுத்தச் சொல்லுங்கள், முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். இப்போது ஹேண்டில்பாரின் ஓரத்தை ஒரே விரலால், மிக லேசாக, இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை தள்ளுங்கள். வழியெங்கும் எண்ணெயில் நழுவுவது போல் போக வேண்டும். நடுவில் ‘டக்’ என்று ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேரிங் போய்விட்டது.

நான் அன்று செய்த தவறு, சக்கரம் தரையில் இருக்கும்போது இரண்டு கைகளாலும் பற்றித் திருப்பிப் பார்த்தது. டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு அந்தப் பள்ளத்தை மறைத்துவிடும். இரண்டு கைகளின் பலமும் மறைத்துவிடும். சக்கரம் காற்றில், ஒரு விரல்: இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்து, சக்கரம் எழும்பியிருக்கும்போதே ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரு கைகளால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். தட்டும் உணர்வு வந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. தளர்வை நட்டை இறுக்கிச் சரிசெய்யலாம். பள்ளத்தை இறுக்கிச் சரிசெய்ய முடியாது. ‘கொஞ்சம் இறுக்கினால் போதும்’ என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். கோன் செட்டையே மாற்ற வேண்டும். அது வாங்கக்கூடாத அளவு பெரிய பழுதில்லை, ஆனால் விலை பேசும்போது அந்தச் செலவு கணக்கில் வர வேண்டும்.

படி 4: செயின், டயர், ஃபோர்க், பிரேக்

இவை எளிது. பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பற்சக்கரம்) பின்கோடியில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பல்லின் பாதிக்கு மேல் தெரிந்தால் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்து மாற்ற வேண்டியவை. ஃபோர்க் குழாயை வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஐந்தாறு முறை அழுத்துங்கள். குழாயில் ஆயில் வளையம் தெரிந்தால் ஆயில் சீல் கிழிந்திருக்கிறது. பிரேக் டிஸ்க்கிலேயே அதன் குறைந்தபட்சத் தடிமன் மி.மீ. கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. இதை டயரின் வயது அறிய மட்டும் பார்க்காதீர்கள். ஐந்து வயது வண்டி, மீட்டரில் 6,000 கிலோமீட்டர், ஆனால் டயர்கள் சென்ற ஆண்டினுடையவை என்றால் 6,000 கிலோமீட்டரில் டயர்கள் ஏன் மாற்றப்பட்டன என்று கேட்க வேண்டும். கால்வைப்பு ரப்பரும் கியர் லீவரின் ரப்பரும் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள்.

படி 5: ஸ்டார்ட், புகை, மின்சாரம்

ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரியில் மல்டிமீட்டரை வையுங்கள்: 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நலம். என்ஜினைக் கொஞ்சம் முறுக்கியதும் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் சார்ஜ் ஆகவில்லை. 15ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது.

குளிரில் வரும் மெல்லிய வெண்புகை நீராவி, சற்று நேரத்தில் மறைய வேண்டும். நீலப்புகை ஆயில் எரிவது. முறுக்கும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகியுங்கள். முறுக்கியதை விட்டு மறுபடி முறுக்கும்போது மட்டும் வந்தால் வால்வு சீல். முன்னது பெரிய செலவு.

படி 6: ஓட்டம்

உயர்ந்த கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறங்கள். வேகம் ஏறாமல் என்ஜின் சுழற்சி மட்டும் எகிறினால் கிளட்ச் வழுக்குகிறது. பிறகு இரண்டாம் கியரில் முறுக்கி விடுவதை நாலைந்து முறை செய்யுங்கள். கியர் தானாகக் கழன்றால் கியர்பெட்டியைத் திறக்காமல் தீராது. முதல் கியரிலிருந்து நியூட்ரலைத் தாண்டி வர வேண்டியிருப்பதால் பெரும்பாலும் அடிபடுவது இரண்டாம் கியர்தான். கடைசியாக, ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில், கைகளைத் தளர்த்தி ஓட்டுங்கள். நேற்று ஓட்டிய புதிய வண்டி நினைவுக்கு வரட்டும்.

படி 7: எண்கள்

ஃபிரேமின் கழுத்தில் பொறித்த எண்ணையும் என்ஜின் எண்ணையும் பதிவுச் சான்றோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். இன்றைய வண்டிகளின் ஃபிரேம் எண் 17 இடங்கள் கொண்டது. 1, 0 ஆகியவற்றோடு குழம்பும் என்பதால் ஆங்கில ஐ, ஓ, க்யூ எழுத்துகள் அதில் வராது. வந்திருந்தால், அல்லது பொறித்த இடம் அரத்தால் தேய்த்தது போல் இருந்தால், வேறு எதுவும் பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

பின்சேர்க்கை (வாசகர்கள் கேட்டபின்)

சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டிகளில் படி 3ஐ எப்படிச் செய்வது என்று பலர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி, புதிய வண்டிகள் பலவற்றில் அது இல்லை. சிறிய ஜாக்கியின் மேல் மரப்பலகை வைத்து, ஃபிரேமின் அடிக்குழாயில் முட்டுக்கொடுத்துத் தூக்கலாம். சைலன்சரிலோ ஆயில் வடிக்கும் போல்ட்டிலோ முட்டுக்கொடுக்கக் கூடாது. ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்சக்கரத்தைத் தூக்கும் ஸ்டாண்ட் இதற்குப் பயன்படாது.

ஒருவருக்கு ஹேண்டில்பார் நடுவில் சரியாக இருந்து, வலக்கோடிக்கு அருகில் மட்டும் தடைபட்டிருக்கிறது. அது பேரிங் இல்லை. கேபிளோ ஒயரோ இழுபடுகிறது. கேபிளை வழிமாற்றி விட்டதும் சரியானது.

‘பேட்டரி மட்டும்தான் போயிருக்கிறது’ என்ற வண்டியை வாங்கலாமா? வேறு பேட்டரி போட்டு, படி 5இன் வோல்ட் கணக்கைப் பார்த்தபின் வாங்கலாம். அதற்கு முன் வேண்டாம். சார்ஜ் ஆகாத வண்டியில் எந்தப் பேட்டரியும் சாகும்.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கைப் பற்றி நான் எழுத மறந்ததை ஒரு வாசகர் சுட்டினார், அவருக்கு நன்றி. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிய வேண்டும். வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் ஏபிஎஸ்ஸில் கோளாறு. சாவியைத் திருப்பும்போதே எரியாவிட்டால் யாரோ விளக்கின் இணைப்பைத் துண்டித்திருக்கலாம். எரிந்துகொண்டே இருக்கும் விளக்கைவிட அதுதான் என்னை அதிகம் கலங்க வைக்கும். என்ஜின் எச்சரிக்கை விளக்கையும் இதே முறையில் பாருங்கள்.