ஔரங்கசீப் தலைப்பில் பிள்ளையை மேடை ஏற்றுவது எப்படி

கடலூரில் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை நான். பாரதி, காமராசர், மழைநீர் சேகரிப்பு எல்லாம் கையில் தண்ணி பட்ட பாடு. சிக்கலான தலைப்பு என்று வந்தால் அது ஔரங்கசீப்தான். 2025 மார்ச்சில் அவர் கல்லறையை அகற்றச் சொல்லிக் கிளம்பிய சண்டை நாக்பூரில் கலவரம் வரை போனது. அதற்கப்புறம் "கொடுங்கோலரா, நல்லாட்சி தந்தவரா" என்று ஒட்டியும் வெட்டியும் பேசப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். வீட்டில் இருந்தபடியே நீங்கள் எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் போனை வாங்கி வையுங்கள். ஒரு நோட்டில் ஆண்டுகளை மட்டும் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். 1658 அரியணை. 1659 அண்ணன் தாரா ஷுகோ கொலை. அதே ஆண்டில் காசிப் பிராமணர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது, பழைய கோயில்களை இடிக்கக் கூடாது, புதிதாகக் கட்டவும் கூடாது என்று ஓர் ஆணை. 1669 காசி விசுவநாதர் கோயில் இடிப்பு. 1670 மதுராவின் கேசவதேவர் கோயில். 1675 சீக்கிய குரு தேக் பகதூருக்கு மரண தண்டனை. 1679 முஸ்லிம் அல்லாதவர்கள் மீதான, அக்பர் நீக்கியிருந்த ஜிஸியா வரி மீண்டும் வந்தது. 1686 பீஜப்பூர், 1687 கோல்கொண்டா வீழ்ச்சி. 1689 சிவாஜியின் மகன், மராத்திய மன்னர் சம்பாஜி கொலை. 1707 மரணம்.

இந்தப் பட்டியலே பாதி வேலையை முடித்துவிடும். ஒட்டிப் பேசுகிற பிள்ளை 1659 ஆணையைத் தூக்கிப் பிடிக்கும், வெட்டிப் பேசுகிற பிள்ளை 1669-ஐ. இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால், "நடுவில் பத்து வருஷத்தில் என்ன ஆச்சு?" என்று பிள்ளையே கேட்கும். அங்கேதான் பேச்சு தொடங்க வேண்டும். மதுராப் பகுதியில் ஜாட் விவசாயிகளின் கிளர்ச்சி, 1666-ல் ஆக்ராவிலிருந்து சிவாஜி தப்பியது எல்லாம் அந்த இடைவெளியில் வருகின்றன. கோயில் இடிப்பு கிளர்ச்சிக்குத் தண்டனையா, மதப்பற்றா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் மோதிக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டும்தான். அரசியல் என்று மட்டும் சொல்லி ஜிஸியாவை விளக்க முடியாது. அந்த வரியைப் பேசும்போது யார் கட்டினார்கள் என்பதையும் சொல்லவையுங்கள்: அரசுப் பணியிலிருந்த ராஜபுத்திரப் பிரபுவுக்கு விலக்கு, வருமானத்தோடு ஒப்பிட்டால் ஏழை உழைப்பாளிக்குத்தான் சுமை அதிகம்.

அடுத்து, யார் சொன்னது என்று பார்ப்பது. கோயில் இடிப்புகளை விரிவாக எழுதிவைத்தவர் அரண்மனையைச் சேர்ந்த சாகி முஸ்தாயித் கான். பேரரசர் இறந்தபின் எழுதி முடித்தார். அவருக்கு அது புகழ்ச்சி, அதனால் கொஞ்சம் ஊதியும் இருக்கலாம். இன்னொருவர் இத்தாலியரான மனுச்சி. தாரா ஷுகோவின் பீரங்கிப் படையில் வேலை பார்த்தவர், கடைசிக் காலத்தைச் சென்னையிலும் புதுச்சேரியிலும் கழித்தவர். தோற்றவரின் ஆள் ஜெயித்தவரைப் பற்றி எழுதினால் எப்படி இருக்கும்? படிக்கச் சுவையாக இருக்கும், எடைபோட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாட்ஸப்பில் வருவதற்கும் இதே கேள்விதான். "தினமும் இத்தனை மணங்கு பூணூலை எரித்தபின்தான் சாப்பிட்டார்" என்று ஒரு கதை சுற்றுகிறது. ஒரு பூணூல் எவ்வளவு எடை இருக்கும், அத்தனை மணங்குக்கு நாளொன்றுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்லுங்கள், போதும். எதிர்ப்பக்கமும் இப்படித்தான். காசிக் கோயிலுக்குள் கட்ச் அரசிக்கு இழைத்த கொடுமைக்காகத்தான் அதை இடித்தார் என்று ஒரு கதை. அக்காலத்து ஆவணம் எதிலும் அது இல்லை. ஒட்டிப் பேசுகிற பிள்ளைக்கு அது கிடைத்தால் உடனே வெட்டிவிடுங்கள், நடுவர் பிடித்தால் மானம் போய்விடும்.

எண்களிலும் கவனம் வேண்டும். ஆயிரம் மன்சபும் (முகலாய அரசில் பதவித் தரம்) அதற்கு மேலும் பெற்ற பிரபுக்களில் இந்துக்கள் ஆட்சியின் முற்பகுதியில் சுமார் 21.6 விழுக்காடு, 1679-க்குப் பிறகு 31.6 என்று வரலாற்றாசிரியர் அதர் அலி கணக்கிட்டார். இதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கலாம். ஆனால் அந்த உயர்வில் பெரும்பகுதி, தக்காணப் போரில் பதவி கொடுத்து இழுக்கப்பட்ட மராத்தியர்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் எதிரணி வாயடைக்கும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இந்தத் தலைப்பில் எல்லாப் பிள்ளைகளும் டெல்லியையும் காசியையும் பேசிவிட்டு இறங்கிவிடுவார்கள். நம் பிள்ளை செஞ்சியைப் பேச வேண்டும். சம்பாஜி கொல்லப்பட்டதும் தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே வந்து செஞ்சிக் கோட்டைக்குள் புகுந்தார். 1690-ல் தொடங்கிய முற்றுகை 1698-ல்தான் முடிந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். முற்றுகையிட்ட முகலாயத் தளபதி சுல்பிகர் கான் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று அன்றைக்கே சந்தேகப்பட்டார்கள். உடனிருந்த ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷ் எதிரியோடு பேசினார் என்று அவரையே சிறைப்பிடித்த முகாம் அது. எண்பதைத் தொடும் பேரரசர் தக்காணத்தில் கூடாரம் போட்டுக் காத்திருக்க, இங்கே பணமும் ஆட்களும் கரைந்துகொண்டிருந்தார்கள். அவர் ஆட்சியின் பெரிய தோல்வி எது என்று கேட்டால் நான் இந்தத் தெற்குப் போரைத்தான் சொல்வேன்.

முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வழியாகப் போகலாம். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறக் காலையிலேயே கிளம்புங்கள், தண்ணீர் நிறைய வேண்டும், குரங்குகள் இருக்கின்றன, தின்பண்டத்தைக் கையில் வைத்திருக்காதீர்கள். 2025-ல் யுனெஸ்கோ மராத்தியக் கோட்டைகளோடு செஞ்சியையும் சேர்த்துப் பாரம்பரியச் சின்னமாக்கியிருக்கிறது. கீழே வேங்கடரமணர் கோயிலில் தூண்கள் குறைவதைக் காட்டுங்கள். "ஔரங்கசீப் இடிச்சாரா?" என்று பிள்ளை கேட்கும். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தவை என்று சொல்வதுண்டு. திரும்பும் வழியில் அதையும் பார்த்துவிடலாம்.

தேசிங்கு ராஜன் கதையும் கைவசம் இருக்கட்டும். நம் கதைப்பாட்டு நாயகன் தேசிங்கின் அப்பா சொரூப் சிங், முகலாயர் பணியில் செஞ்சிக் கோட்டைக்குப் பொறுப்பாக வந்த புந்தேலா ராஜபுத்திரர். 1714-ல் தேசிங்கு போரிட்டு மாண்டது ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு. பாட்டில் அவருக்காக உயிர் விடும் நண்பன் ஒரு முஸ்லிம். இந்து, முஸ்லிம் என்று இரண்டு கட்சியாகப் பிரித்துப் பேசும் எதிரணிக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

சொல்லாட்சியில் ஒரே ஒரு கட்டுப்பாடு: "ஔரங்கசீப் செய்தார்" என்றுதான் பேச வேண்டும், "முஸ்லிம்கள் செய்தார்கள்" என்று ஒருபோதும் கூடாது. பீஜப்பூரையும் கோல்கொண்டாவையும் ஆண்டவர்களும் முஸ்லிம்கள்தான், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கப்போகும் வகுப்புத் தோழியும் முஸ்லிம்தான்.

நேரம் ஐந்து நிமிடம் என்றால் செஞ்சிக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். "தலைப்புக்கும் நம்ம மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நடுவர் மடக்கினால், பிள்ளை தேவனாம்பட்டினத்தைச் சொல்லட்டும். 1690-ல், செஞ்சியில் முற்றுகை தொடங்கிய அதே ஆண்டில், அங்கிருந்த கோட்டையை மராத்தியர்கள் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரைக்கும் நிலமும் சேர்த்து விற்பனை. குண்டு உப்பலவாடிக்கு அந்தப் பெயர் அதனால்தான் வந்தது என்று ஊரில் சொல்வார்கள்.