மாங்காய்க்கும் நாடி துடிக்கும்: கைப்பட்டை வாங்குமுன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

சென்ற மாம்பழப் பருவத்தில் ஒரு பெங்களூரா மாங்காயின் இதயத் துடிப்பை அளந்தேன். நிமிடத்துக்கு 78. நல்ல ஆரோக்கியமான மாங்காய்.

தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜுக்கும் அச்செடுக்கவும் வருகிறவர்களில் சிலர் மணிக்கட்டை நீட்டி, "அண்ணா, இதைப் போனோடு இணைத்துக் கொடுங்கள்" என்று கேட்பார்கள். காலடியும் நாடித் துடிப்பும் எண்ணும், புதிதாக வாங்கிய கருவி. முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. மூன்று மாதம் கழித்து அவர்களே வேறு வேலையாக வரும்போது கையைப் பார்ப்பேன். பெரும்பாலும் வெறும் கைதான். குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் ஒன்று வாங்கி மேசை இழுப்பறையில் தூங்க விட்டவன். மாங்காயில் கட்டிப் பார்த்தது அதைத்தான்.

கடைகளில் இதை ஃபிட்னஸ் பேண்ட் என்கிறார்கள். எங்கள் வீட்டில் பேண்ட் என்றால் காலில் போடுவது. ஆகவே இங்கே கைப்பட்டை என்றே எழுதுகிறேன். ஸ்மார்ட் வாட்ச் என்று குறைந்த விலைக்கு விற்பவையும் இதே வேலையைத்தான் கொஞ்சம் பெரிய திரையில் செய்கின்றன. அவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

தேவைப்படுபவை: ஒரு நோட்டு, ஒரு பேனா, கையில் ஏற்கெனவே இருக்கும் போன், மூன்று வாரப் பொறுமை.

படி 1: கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் இந்த வாக்கியத்தை எழுதி முடியுங்கள்: "இந்தப் பட்டை ______ என்று காட்டினால், நான் ______ செய்வேன்."

"உடம்பைக் கவனிப்பேன்" என்பது விடையில்லை. "மாலை ஆறு மணிக்குள் 4,000 காலடி ஆகவில்லை என்று காட்டினால், ஒரு நிறுத்தம் முன்பாகவே பஸ்சை விட்டு இறங்கி நடப்பேன்" என்பது விடை. இரண்டாவது கோடு இரண்டு நாளாகியும் காலியாகவே நின்றால் நோட்டை மூடிவிடலாம். பணம் மிச்சம், மற்ற படிகளும் தேவையில்லை.

படி 2: பதினான்கு நாள் போனோடு நடங்கள்

இன்றைய போன்களில் அசைவை உணரும் சில்லு இருக்கிறது. போனுடன் வந்த உடல்நலச் செயலியே காலடிகளை எண்ணிவிடும். தனியாகக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். போனைச் சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ வைத்துக்கொண்டு வழக்கம்போல் இருங்கள். இரவு படுக்குமுன் அன்றைய எண்ணிக்கையை நோட்டில் எழுதுங்கள்.

முதல் ஏழு நாள் எதையும் மாற்றாதீர்கள். பார்க்கிறார்கள் என்றதும் நன்றாக நடக்கும் பழக்கம் நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு, அதை அடக்குங்கள். அடுத்த ஏழு நாள், முதல் வாரச் சராசரியோடு ஆயிரம் காலடி கூட்டி நடக்க முயலுங்கள்.

முடிவில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பதினான்கு இரவும் எழுதினீர்களா? எண்ணைப் பார்த்ததால் ஒரு நாளாவது எழுந்து நடந்தீர்களா? என் கதையைச் சொல்கிறேன். முதல் வாரச் சராசரி 2,900. கடை நாற்காலியின் பெருமை அது. இரண்டாம் வாரம் 4,300. ஆனால் என்னை எழுப்பியது போன் இல்லை. நோட்டை எட்டிப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று கேட்ட என் மனைவி.

நாளுக்கு 10,000 காலடி வரவில்லையே என்று யாரும் சோர வேண்டாம். அந்த எண் மருத்துவர் எழுதிக் கொடுத்தது அல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, இடுப்பில் மாட்டும் காலடி எண்ணியின் பெயர் 'மான்போ-கேய்'. பத்தாயிரம் காலடி அளவி என்று பொருள். சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டம் பிரிந்த அதே ஆண்டு. நம் மாவட்டத்துக்கு இருக்கிற வயதுதான் அந்த விளம்பர எண்ணுக்கும். அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள பெண்களிடம் ஐ-மின் லீ என்ற ஆய்வாளரின் குழுவினர் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. ஏறக்குறைய 7,500க்கு மேல் போனால் கூடுதல் பலன் தெரியவில்லை.

படி 3: பட்டைக்கு உண்மையில் என்ன தெரியும்?

விற்பவர் அவசரமாகக் கடந்துபோகும் இடம் இது. நாம் கொஞ்சம் நிற்போம்.

உள்ளே இருப்பவற்றில் இரண்டு உறுப்புகள்தான் முக்கியம். ஒன்று, போனில் இருப்பது போன்ற அதே அசைவுச் சில்லு. அது காலைப் பார்ப்பதே இல்லை. கை வீச்சைப் பார்த்துக் காலை ஊகிக்கிறது. தலைமேல் புல்லுக்கட்டை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்து வருபவரின் நடையில் பெரும்பகுதி கணக்கில் வராமல் போகலாம். நின்ற இடத்தில் நின்று செண்டுமல்லி பறிப்பவருக்குக் காலடி ஏறிக்கொண்டே போகலாம். பென்னாகரம் பஸ்சில் கம்பியைப் பிடித்தபடி நின்று போன ஒரு நாள், என் பட்டை 600 காலடியை இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தது.

இரண்டாவது, அடிப்பக்கம் மின்னும் பச்சை விளக்கு. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைகிறது. திரும்பி வரும் ஒளியும் அதற்கேற்பக் குறைந்து கூடுகிறது. அந்த அலையை எண்ணித்தான் நாடித் துடிப்பைச் சொல்கிறது. மாங்காய்த் தோலிலும் ஒளி பட்டுத் திரும்புகிறது, அந்த இரைச்சலில் ஏதோ ஒரு தாளம் இருப்பதாகக் கருவி நினைத்துக்கொள்கிறது. நல்ல பட்டைகளும் இப்படி ஏமாறுவதுண்டு என்பதால் மாங்காயை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. என்னுடையது வேறிடத்தில் மாட்டிக்கொண்டது. தீர்த்தமலை ஏறி, மூச்சிரைக்கத் தூணைப் பிடித்து நின்றபோதும் அது 78 என்றே சொன்னது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கைப்பட்டைகளை 60 பேருக்கு அணிவித்துச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழில் ஆறு, நாடித் துடிப்பை 5 சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு சொல்லின. கலோரிக் கணக்கிலோ ஒன்றுகூடத் தேறவில்லை. மிகச் சிறந்ததே 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். 400 கலோரி எரித்துவிட்டதாகப் பட்டை சொன்னதை நம்பி இரண்டு போண்டா சாப்பிட்டால் நட்டம் யாருக்கு என்று பாருங்கள். அந்த வரியைத் திரையிலிருந்து நீக்க வழியிருந்தால் நீக்கிவிடுங்கள்.

ரத்த அழுத்தம்: கை மேல்புறம் கட்டிக் காற்றடைக்கும் கருவி ரத்தக் குழாயை அழுத்தி அளக்கிறது. மலிவு விலைப் பட்டையால் அழுத்த முடியாது. ஒளியை வைத்து ஊகிக்கத்தான் முடியும். அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆபத்து. நம்மைத் தேடி வீட்டுக்கே வந்து அளக்கிற ஏற்பாடு இருக்கும்போது அந்த வம்பு எதற்கு? 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அந்த அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான்.

சர்க்கரை: ஊசி குத்தாமல் ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரம், மோதிரம் எதையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படிச் சொல்லி யாராவது விற்றால் விலையே கேட்காமல் நகருங்கள்.

தூக்கம்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம் என்று வரும் வண்ணப்பட்டியை மனதில் ஏற்றிக்கொண்டால் இருக்கிற தூக்கமும் போய்விடும்.

எடை குறையுமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகள். 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 471 இளையவர்களுக்கு உணவு, உடற்பயிற்சி ஆலோசனை கொடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் அணியும் கருவியும் தந்தார்கள். இரண்டாண்டு முடிவில் கருவி அணிந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்திருந்தார்கள்; அணியாதவர்கள் 5.9 கிலோ. இன்னொரு பக்கம், பல ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் 'தி லான்செட் டிஜிட்டல் ஹெல்த்' இதழில் வந்த கட்டுரை, இத்தகைய கருவிகளால் நாளுக்குச் சுமார் 1,800 காலடி கூடுவதாகவும் எடை சுமார் ஒரு கிலோ குறைவதாகவும் சொன்னது. என் கருத்து: நடப்பதற்கு வாங்கலாம், இளைப்பதற்கு என்று வாங்காதீர்கள்.

படி 4: இரவல் வாங்கிச் சோதியுங்கள்

சித்தப்பா மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ கட்டாமல் வைத்திருக்கும் பட்டை ஒன்று கட்டாயம் இருக்கும். ஒரு வாரம் கேளுங்கள், மகிழ்ச்சியாகக் கொடுப்பார்கள். இடம் பிரச்சினையில்லை. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பூங்கா, கல்லூரி மைதானம், எதுவானாலும் சரி.

வாய்விட்டு எண்ணி 200 காலடி நடங்கள். பட்டை 190க்கும் 210க்கும் இடையில் காட்டினால் தேர்ச்சி. பிறகு பட்டை கட்டிய கையில் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு அதே 200. இங்கே குறையும்; எவ்வளவு குறைகிறது என்பதுதான் கேள்வி. மூன்றாவதாக டவுன் பஸ்சில் இருபது நிமிடம். இருசக்கர வாகனத்தில் போகிறவர் என்றால் அதிலும் ஒருமுறை.

நாடிக்கு, ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பட்டை ஐந்துக்குள் நெருங்கி வந்தால் போதும். உடனே இரண்டு மாடி ஏறிவிட்டு மறுபடி பாருங்கள். எண் தாவ வேண்டும். தாவாத பட்டை, நேரம் பார்க்க மட்டும்தான்.

படி 5: விலையை நாளால் வகுங்கள்

2,500 ரூபாய்ப் பட்டையை வைத்துக்கொள்வோம். 90 நாள் கட்டிவிட்டு இழுப்பறையில் போட்டால் நாளுக்கு 28 ரூபாய். இரண்டு ஆண்டு கட்டினால் மூன்றரை ரூபாய்கூட ஆகாது. வகுக்கும் எண்ணை எங்கிருந்து எடுப்பது? படி 2இன் நோட்டிலிருந்து. பதினான்கு இரவில் ஐந்து இரவு எழுத மறந்தவர், 730 நாள் என்று போட்டு வகுக்கக் கூடாது.

ஓசூர் டைட்டன் ஆலைக்குப் பக்கத்தில் வாழ்கிறோம். கைக்கடிகாரம் என்றால் அப்பா கட்டியதை மகன் கட்டுவது என்று நினைத்துப் பழகியவர்கள். பட்டை அப்படி இல்லை. பேட்டரியை வெளியே எடுத்து மாற்ற வழியில்லாத வகைதான் அதிகம். அது தளர்ந்தால் கருவியும் போயிற்று. இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் ஆயுள் போடாதீர்கள். ரப்பர் வார் அறுந்தால் மாற்ற ஒருமுறை செலவு என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 6: உங்கள் பெயர் எந்தப் பக்கம்?

போன் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும் என்னைப் போன்ற ஆண்களுக்குப் பட்டை பெரும்பாலும் இரண்டாவது செலவு. காலடி எண்ணப் போனே போதும். போன் உடம்போடு ஒட்டி இராதவர்களுக்குத்தான் இது உண்மையில் பயன்படும். புடவைக்குப் பை கிடையாது. வீட்டில் போன் பிள்ளைகளின் கையிலோ சமையலறை மேடையிலோ கிடக்கும். நாள் முழுவதும் நடக்கும் பெண்களின் நடை எந்தப் போனிலும் பதிவாவதில்லை. போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடும் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மணிக்கட்டில் எதுவும் கட்டக் கூடாது என்ற விதி பல ஆலைகளில் உண்டு. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறார், அடுத்த முறை போகும்போது எவ்வளவு நடந்தோம் என்று காட்ட வேண்டும் என்பவர்களும் வாங்கலாம்.

நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களிலும் மூட்டு இறுகி, எலும்பு வலியோடு இருப்பவர்கள் உண்டு. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பட்டைக்கு அந்த வலி தெரியாது. "இன்னும் 3,000 பாக்கி" என்று கையை அதிர வைத்துக்கொண்டே இருக்கும். அவர்களுக்கு அன்பளிப்பாகக்கூட வாங்கித் தராதீர்கள்.

படி 7: கடையில்

சார்ஜர் தனி வடிவமா, தொலைந்தால் கிடைக்குமா என்று கேளுங்கள். வார் பொதுவான அளவா என்று பாருங்கள். வெயிலில் வெளியே எடுத்துப் போய்த் திரை தெரிகிறதா என்று பாருங்கள். எத்தனை நாளில் திருப்பித் தரலாம் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். அந்த நாட்களுக்குள் படி 4ஐ மறுபடி செய்துவிடுங்கள்.

நான் இரண்டாவது பட்டை வாங்கவில்லை. என் மனைவிக்குத்தான் வாங்கினோம், 2,500 ரூபாய்க்கு. முதல் நாள் மாலையில் 9,200 காட்டியது, வீட்டைவிட்டு வெளியே போகாமலேயே. அன்றிலிருந்து என் நோட்டை எட்டிப் பார்த்துச் சிரிப்பதோடு சரி, எதுவும் சொல்வதில்லை. இன்றோடு 140 நாள். நாளுக்கு 18 ரூபாய்க்கு இறங்கியிருக்கிறது.