ஆங்கில நோட்டின் முதல் பக்கத்தில் 'போடு' என்று எழுதுங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில், சாயங்காலம் அக்கம்பக்கத்தாருக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். புதிதாக வருகிறவர்கள் பலரும் தினம் பத்து வார்த்தை மனப்பாடம் செய்தவர்கள். அர்த்தம் கேட்டால் டக்கென்று சொல்வார்கள், பேசச் சொன்னால் நின்றுவிடுவார்கள். எந்த வார்த்தை எதோடு சேரும் என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. அதற்கு நான் வைத்திருக்கும் வழி இது.

1. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தின் மேலே 'போடு' என்று தமிழிலேயே எழுதுங்கள். காலையிலிருந்து ராத்திரி வரை வீட்டில் எத்தனை 'போடு' காதில் விழுகிறது என்று கவனியுங்கள். டீ போடு, லைட் போடு, சட்டை போடு, கோலம் போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடாதே. எல்லாம் இடது பக்கம்.

2. வலது பக்கம் ஆங்கிலம். 'மேக் சம் டீ', 'டர்ன் ஆன் த லைட்', 'புட் ஆன் யுவர் ஷர்ட்', 'டிரா எ கோலம்', 'சைன் ஹியர்', 'டோன்ட் ஃபைட்'. இங்கே சற்று நில்லுங்கள். தமிழில் ஒரே வினை, அங்கே ஆறு. இந்த ஆறில் 'புட்' வந்தது சட்டைக்கு மட்டும்தான், அதுவும் 'ஆன்' துணையோடு. அதனால் வினையைத் தனியாக எழுதாதீர்கள், அதன் ஜோடியோடு முழுசாக எழுதுங்கள். மாத்திரைக்கும் இதே கதை: நாம் சாப்பிடுகிறோம், ஆங்கிலத்தில் 'டேக்'.

3. நாம் தினமும் பேசும் ஆங்கில வார்த்தைகளுக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்குங்கள். இவைதான் அதிகம் ஏமாற்றும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், போனில் வெளியூர்க்காரர் ஒருவரிடம் 'த மெஷின் இஸ் ரிப்பேர்' என்றேன். சரி செய்தாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அவர் ஆள் அனுப்பவில்லை. இரண்டு நாள் வேலை நின்றது. 'ரிப்பேர்' என்றால் அங்கே பழுது பார்ப்பது, கெட்டுப்போனதற்கு 'இட்ஸ் நாட் வொர்க்கிங்'. நம் வார்த்தையும் அங்கே போய் இப்படி மாறியிருக்கிறது. காசிமேட்டுக்காரர்களுக்குக் கட்டுமரம் என்றால் மரங்களைச் சேர்த்துக் கட்டியது. ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்றால் இன்று இரட்டை அடிப்பகுதி கொண்ட படகு.

4. வலது பக்கத்தைக் கையால் மறைத்துவிட்டுச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மறுநாள் ஒரு தடவை, மூன்றாம் நாள், ஏழாம் நாள். படித்தது எவ்வளவு வேகமாக மறந்துபோகிறது என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து 1885-லேயே எழுதிவைத்தார். மறக்கப்போகும் நேரத்தில் நினைவுக்கு இழுப்பதுதான் மருந்து. திரும்பத் திரும்ப வாசிப்பதில் அவ்வளவு பலன் இல்லை.

5. காது பழக மெட்ரோ போதும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஒவ்வொரு நிலையத்துக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு வரும். வாய்க்குள்ளேயே கூடவே சொல்லிக்கொண்டு போங்கள்.

'போடு' பக்கம் நிரம்பியதும் அடுத்தது 'எடு'. போட்டோ எடுத்தால் 'டேக் எ போட்டோ'. பசி எடுத்தால் 'ஐ ஆம் ஹங்ரி', அங்கே 'டேக்' வராது. வாடகைக்கு வீடு எடுத்தால்? வாந்தி எடுத்தால்? அந்த இரண்டையும் இன்று ராத்திரி நீங்களே தேடி எழுதுங்கள்.