50 மீட்டர் ரைபிளுக்குத் தோட்டா வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் நன்றாகச் சுடும் பிள்ளைகளில் சிலர், அடுத்து 50 மீட்டருக்கு வருகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது இந்தத் தூரத்தில்தான். ரைபிள் வாங்க ஊரெல்லாம் விசாரிக்கும் பெற்றோர், அதற்கான .22 (0.22 அங்குல அளவு) தோட்டா என்று வரும்போது மட்டும் யாரோ சொன்ன பெயரைக் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். பாயின்ட் பறிபோவது அங்கேதான்.

வேட்டை வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தோட்டா தேடுவது முதல் தவறு. அந்த வீடியோக்களில் பேசுவதெல்லாம் குண்டு விலங்கின் உடலுக்குள் எப்படி விரிகிறது, எவ்வளவு வேகத்தில் பாய்கிறது என்பதைத்தான். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. நாம் துளைப்பது காகிதம். அதில் குண்டு விரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

வேகம் அதிகமாக இருந்தால் நல்லது என்ற எண்ணமும் அங்கிருந்து வந்ததுதான். ஹை வெலாசிட்டி .22 தோட்டா நொடிக்குச் சுமார் 380 மீட்டர் வேகத்தில் கிளம்பும். சென்னை வெயிலில் ஒலியின் வேகம் ஏறக்குறைய 350 மீட்டர். அதாவது குண்டு இலக்கை நெருங்கும் நேரத்தில்தான் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த இடத்தில் குண்டு லேசாகத் தடுமாறும். போட்டித் தோட்டாக்களை 325 மீட்டர் அளவிலேயே கிளம்பும்படி செய்வது இதனால்தான்.

சரி, போட்டித் தோட்டாவே வாங்கியாச்சு. அப்புறமும் ஒரு பெரிய தவறு மிச்சமிருக்கிறது: லாட் நம்பரை, அதாவது ஒரே தொகுதியாகத் தயாரித்த தோட்டாக்களுக்குப் போடும் எண்ணை, பார்க்காமல் வாங்குவது. ஈலி, லாப்புவா, ஆர்.டபிள்யூ.எஸ். என்று எந்த பிராண்டானாலும், ஒரே பெயர், ஒரே விலை, ஒரே டப்பா என்றிருந்தாலும் லாட் மாறினால் குரூப் (டார்கெட்டில் குண்டுகள் சேர்ந்து விழும் கூட்டம்) மாறும். உங்கள் பாரலுக்கு (ரைபிள் குழலுக்கு) பிடித்த லாட் பக்கத்து லேனில் சுடுகிறவரின் பாரலுக்குப் பிடிக்காமல் போகலாம். விலை கூடிய தோட்டாவை ஒரு படி கீழே உள்ள தோட்டா தோற்கடிப்பதும் நடக்கும். எனவே பெயரைப் பார்த்து மொத்தமாக வாங்காதீர்கள். லாட்டுக்கு ஒரு டப்பா வாங்கி, உங்கள் ரைபிளில் சோதித்துப் பாருங்கள்.

அந்தச் சோதனையிலும் அவசரம் கூடாது. ஐந்து குண்டு ஒரே ஓட்டையில் விழுந்ததும் முடிவெடுத்துவிடுகிறார்கள். அது தற்செயலாகவும் நடக்கும். ரைபிளை வைஸில் (அசையாமல் பிடிக்கும் இடுக்கியில்) பிடித்து, லாட்டுக்குப் பத்துப் பத்தாகக் குறைந்தது நான்கு குரூப் சுடுங்கள். 50 மீட்டர் டார்கெட்டில் 10 வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ., குண்டின் அகலம் 5.6 மி.மீ. கோட்டைத் தொட்டாலே 10 என்பதால், நடுவில் விழுந்த குரூப்பின் வெளிவிளிம்பு 21.6 மி.மீ.க்குள் அடங்கினால் அத்தனையும் 10. ஆனால் அது வைஸில். கை, மூச்சு, காற்று எல்லாம் அதற்குமேல் சேரும். ஆகவே அதைவிட நன்றாகச் சுருங்கும் லாட்டைத்தான் எடுக்க வேண்டும். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பிவிட்டால் எது காற்றின் வேலை, எது தோட்டாவின் வேலை என்றே தெரியாது. சோதனையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிராண்டை மாற்றியதும் முதல் சில குண்டுகளை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். குண்டின் மேல் பூசியிருக்கும் மெழுகு பிராண்டுக்குப் பிராண்டு வேறு. பழைய பூச்சு போய்ப் புதியது பாரலில் படியப் பத்துப் பதினைந்து குண்டாவது வேண்டும்.

மே மாதம் பூட்டிய காருக்குள் டப்பாவை வைத்துவிட்டு ரேஞ்சில் சுற்றுவதும் கூடாது. மெழுகு இளகும், உள்ளே இருக்கும் வெடிமருந்தும் சூடாகும், வேகம் மாறி குண்டு விழும் உயரம் நகரும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு சின்னத் தெர்மோகோல் பெட்டியில் போட்டு எடுத்து வாருங்கள். லேனில் படுத்த பிறகும் டப்பாவை வெயில் விழாத பக்கமாக வையுங்கள். ஸ்கோர் புத்தகத்தில் அன்றைய லாட் நம்பரையும் எழுதுங்கள். அடுத்த முறை வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் அந்த நம்பரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.